தலைச்சுருளியும் பதினொரு ஆடும்

ஒரு தரிசு நிலத்தை ஆடு எப்படித் தின்னும் என்று கனமூலை ஊரில் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் கமறியாவிடம்தான் கேட்க வேண்டும். மாட்டைப் போல வாய்க்கு முன்னால் கிடப்பதை வரிசையாக வழித்துக்கொண்டு போகிற பழக்கம் ஆட்டுக்கு இல்லை. முதலில் தலையைத் தூக்கிப் பார்க்கும். எட்டுகிற இடத்தில் கொழுந்து இருந்தால் பின்னங்காலில் எழுந்து நின்று நுனியை மட்டும் நறுக்கும். கொழுந்து முடிந்தால் இலை. இலை முடிந்தால் பற்றைக்குள் தலையை விட்டுப் படர்கொடியை இழுக்கும். அதுவும் இல்லையென்ற பிறகுதான், மனசில்லாத விருந்தாளி மாதிரிக் குனிந்து புல்லில் வாய் வைக்கும். இப்படியே ஒரு ஏக்கர் தரிசைப் பதினொரு ஆடு ஒரு வருஷம் மேய்ந்தால், அங்கே வெயில் தரைவரைக்கும் இறங்கும். பாம்பு கிடந்தால் தெரியும். விழுந்த தேங்காய் தெரியும்.

ஆடு தொடாமல் விடுகிற பச்சை ஒன்றே ஒன்றுதான், தலைச்சுருளிக் கொடி. மெல்லிசான தண்டு, நீள இலை, கசக்கினால் மண்டையில் ஏறுகிற வாடை. முந்தல் பக்கத்திலிருந்து வருகிற சிங்கள வைத்தியர் பாம்புக்கடி மருந்துக்கென்று இதன் வேரைத் தோண்டிக்கொண்டு போவார். கமறியாவின் மூத்த ஆடு கறுப்பி, பசியில் சீமெந்துப் பையைக் கூடத் தின்றிருக்கிறது. தலைச்சுருளிக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் ஒரு தும்மல் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்த ஒரு ஏக்கர் பள்ளிவாசல் காணி. தென்னந்தோட்டம் முடிந்து, கடல்நீர் ஏறித் தேங்குகிற களப்புப் பக்கம் மண் உவர்ப்பாகத் தொடங்குகிற இடம் என்பதால் எதை நட்டாலும் வராது. அதில் மூன்று வீட்டு ஆடுகள் மேய்வது வழக்கம். அதற்குப் பதிலாகப் பள்ளிவாசல் விருந்தான கந்தூரிக்கு வருஷம் ஒரு குட்டி, வீட்டு முறைப்படி கொடுக்க வேண்டும். முறை வந்து குட்டி கொடுக்க முடியாத வீட்டுக்கு அதற்குப் பிறகு மேய்ச்சல் இல்லை. இப்படிப் பேசித் தீர்த்தவர்கள் எல்லோரும் மண்ணுக்குள், மையவாடிக்குப் போய்விட்டார்கள். பேச்சு மட்டும் நிற்கிறது. தொண்ணூற்றாறாம் ஆண்டு முறை கமறியாவினுடையது.

அந்த வருஷம்தான் அவளுடைய புருஷன் ஜபார் அந்தக் காணிக்கு வேலி போட்டான்.

ஜபாருக்குச் சைக்கிள் கடை. கோணிய சக்கரச் சில்லு நிமிர்த்துவதில் மதுரங்குளிச் சந்திவரைக்கும் அவனுக்குப் பெயர் உண்டு. அதற்கு முந்திய வருஷம் கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்து, அவனுடைய கடை வாசலில் காற்றுப் போய் நின்றது. டியூபுக்கு ஒட்டுப் போடுகிற நேரத்தில், வேனிலிருந்து இறங்கிய சிங்கள மிஸ் பள்ளிக் காணிப் பக்கம் நடந்துபோய், சந்தோஷத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டியும் சிவப்புப் பொட்டும், உடம்பு இரத்தச் சிவப்புமான வண்ணத்துப்பூச்சிகள் அங்கே நூற்றுக்கணக்கில் நிற்கின்றன என்றார். வண்ணத்துப்பூச்சிகளின் இருப்பிடங்களைக் காப்பாற்ற அவர்களிடம் ஒரு சங்கம் இருந்தது. ஊரிலிருந்து யாராவது வாரம் ஒரு தடவை எண்ணி எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டார். சம்பளம் கிடையாது, தொண்டு.

ஜபார் அதற்கு ஓமென்று சொன்னது மிஸ்ஸுக்காக இல்லை, அவர் சொன்ன கதைக்காக. அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்துக்கொண்டே அவன் கமறியாவுக்கும் அதைச் சொன்னான்.

"தலச்சுருளி நச்சு புள்ளே. ஆடு தின்னாது. ஆனா இந்தப் பூச்சிட புழு அத மட்டுந்தான் தின்னும். வேற எலை வெச்சா பட்டினி கிடந்து மவுத்தாப் போகுமாம். தின்னத் தின்ன அந்த நச்சு புழுட ஒடம்புல ஏறிடும். பொறகு சிறகு மொளச்சாலும் நச்சு போகாது. ஒரு குருவி ஒருக்கா கொத்திப் பாத்தா, சாகுமட்டும் அந்தச் சிவப்பக் கிட்ட எடுக்காது. பாத்தியா, ஒரு பல்லுச் சக்கரம் மத்தப் பல்லுச் சக்கரத்தச் சுத்துற மாதிரி."

"சோறு காயுது," என்றாள் கமறியா. ஆனாலும் அது அவளுக்கும் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் பார்த்த பூச்சிக்கு உள்ளே இப்படி ஒரு கணக்கு ஓடுவது அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜபாரும், பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினாரும் இன்னும் இரண்டு பேரும் காணியில் நின்று எண்ணுவார்கள். ஒரு தடவை சந்திச் சோதனைச் சாவடியில் ஜபார் கணக்கு எழுதுகிற கொப்பியைப் பிடித்துவிட்டார்கள். திகதி, நேரம், 64, 71, 58 என்று எழுதியிருந்தால் அந்த நாளில் யார்தான் சும்மா விடுவான்? இது எந்த முகாமிலிருந்து போன லொறிகளின் கணக்கென்று கேட்டு இரண்டு மணித்தியாலம் வாங்குப் பலகையில் இருத்தி வைத்தார்கள். "சமனலயோ சேர், சமனலயோ" என்று சிங்களத்தில் பூச்சியின் பெயரைச் சொல்லி, இரண்டு கையையும் சிறகாக அடித்துக் காட்டிய பிறகு, ஒரு ஆமிக்காரப் பொடியன் சிரித்துவிட்டு அவனைப் போக விட்டான். அதிலிருந்து ஊரில் ஜபாருக்குச் 'சமனலயா நானா' என்று பெயர்.

கொழும்பில் குண்டு வெடித்ததும் மிஸ்ஸின் வரவு நின்றது. கடதாசிதான் வந்தது. தமிழில் தட்டச்சு செய்து, ஜபாருடைய பெயரைப் போட்டு, 'அன்புள்ள தொண்டருக்கு' என்று தொடங்குகிற கடதாசி. ஐம்பது வயதில் ஜபாருக்கு வந்த முதல் கடதாசிகள் அவை. அவற்றை அலுமாரியில் உறுதிப் பத்திரத்துக்கு மேலே வைத்தான்.

வேலி விஷயம் கமறியாவுக்கு வேலியைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனவள், நட்டிருந்த கம்புகளையும் முள்ளுக்கம்பிச் சுருளையும் கண்டு நின்றாள்.

"இது என்ன, பள்ளிக் காணிக்குக் கலியாணமா? பந்தக்கால் நட்டீக்கிது?"

மோதினார் சங்கடப்பட்டார். "வண்ணாத்திப்பூச்சிக்கு, கமறியா."

"வண்ணாத்திப்பூச்சிக்கு வேலியா? அது பறந்து போகாமக்கா?"

கம்பி இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜபார் திரும்பவில்லை. "அது போகாமக்கில்ல. ஆடு வராமக்கு."

அன்று வீட்டில் கடதாசியை எடுத்து வாசித்துக் காட்டினான். மேய்ச்சல் கால்நடைகள் உட்புகாதவாறு குறைந்தது இரண்டு வருடங்களுக்கு வேலியிட்டுப் பாதுகாக்கவும் என்றிருந்தது.

"மேய்ச்சல் கால்நடை எண்டா?"

"ஆடு மாடு."

"ரெண்டும் ஒண்டாமா அவங்களுக்கு?"

"ரெண்டு வருஷந்தான் புள்ளே. முள்ளுக்கம்பி வாங்குறதுக்கே பொலிஸ்ல போய்க் கெஞ்சிக் கடதாசி எடுத்தீக்கிறேன். ஆருக்கிட்டயும் இப்பக் கம்பிச் சுருள் குடுக்க மாட்டான். பள்ளிப் பெரியவங்களும் ஓமெண்டுட்டாங்க."

"பள்ளிக்குச் செல்லிட்டீங்க. பொலிசுக்குச் செல்லிட்டீங்க. கொழும்புக்கும் செல்லிட்டீங்க." அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு மட்டும் வேலி செல்லிச்சிது."

சித்திரை மழை பெய்து ஓய்ந்ததோடு கச்சான் காற்று பிடித்தது. தென்மேற்கிலிருந்து வருகிற இந்தக் காற்று, மண்ணில் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் துடைத்து எடுத்துக்கொண்டு போகிற காற்று. கமறியா விடியக்காலையில் தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் கூனிச் சம்பலும் கட்டிக்கொண்டு, ஆடுகளைக் களப்போரமாக ஓட்டிப் போவாள். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். முன்பு கண்டல் மரங்கள் நின்ற இடமெல்லாம் இறால் பண்ணைக் குளங்களாக இருந்தன. குளக்கரையில் ஆடு ஏறினால் காவல்காரன் கல்லெடுப்பான். மிச்சமிருந்தது உவர்ப் புல். அதைத் தின்ற ஆடு தண்ணீருக்கு அலையும். தண்ணீருக்கு அலைகிற ஆடு மடியில் பால் வைக்காது. ஆடி மாதத்தில் இரண்டு ஆடு குட்டியைக் குறைமாதத்தில் போட்டது.

மேய்ச்சல் வீடுகளில் ஒன்று அஸீஸாவுடையது. அவள் நாலு ஆட்டையும் ஏற்கனவே புத்தளம் வியாபாரி முத்தலிபுக்குக் கொடுத்துவிட்டாள்.

"நீங்களும் குடுத்திடுங்க ராத்தா. எலும்பாப் போன பொறகு அவனும் எடுக்க மாட்டான்."

"குடுத்தா கந்தூரிக்கு?"

"ஒங்கட வீட்டுக்காரர் புழுப் புடிச்சிக் குடுப்பார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் கமறியாவுக்குக் கண் கலங்கியது. அஸீஸா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

முத்தலிபு வந்து, கறுப்பியின் முதுகில் விரலை ஓட்டி, "தண்டெலும்ப எண்ணலாம்," என்றான். "பதினொண்டையும் ஒண்டா எடுக்கிறேன். சனிக்கிழம லொறி வரும்." கமறியா தலையை ஆட்டினாள். கந்தூரிக்கு நாலு மாதம்தான் இருந்தது. கையில் ஒரு குட்டி இல்லாமல் அந்த நாள் வந்தால், காணியில் அவளுடைய வீட்டுப் பாத்தியம் அதோடு சரி. ஆனால் செத்த ஆட்டையும் கந்தூரிக்குக் கொடுக்க முடியாது.

இதற்கிடையில் ஜபாருடைய கொப்பியிலும் ஒன்று மெலிந்துகொண்டு வந்தது. வேலி போட்ட மாதம் 64. வைகாசியில் 40. ஆனியில் 9. ஆடியில் இரண்டு வெள்ளிக்கிழமை தொடர்ந்து பூச்சியம். இறால் பண்ணை மருந்து என்றான். வறட்சி என்றான். கடற்படைக்காரர் சுட்டுப் பழகுகிற சத்தம் என்றும் ஒரு நாள் சொன்னான். அந்த மாதங்களில் அந்த வீட்டில் உப்பு, புளி, தண்ணீர் என்கிற அளவுக்குத்தான் கதை இருந்தது.

முத்தலிபின் லொறி வருவதற்கு முந்திய வியாழக்கிழமை மத்தியானம், திரும்பி வரும்போது ஒரு குட்டி முள்ளுக்கம்பிக்குக் கீழே நுழைந்து உள்ளே போய்விட்டது. கூப்பிட்டால் கத்துகிறது, வரவில்லை. கமறியா கீழ்க்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனாள். சேலை ஒரு முழம் கிழிந்தது.

ஏழு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவள் அந்தக் காணிக்குள் நிற்கிறாள். முதலில் அவளுக்கு இடமே பிடிபடவில்லை. கினிப்புல் மழைக்கு நெஞ்சளவு வளர்ந்து, கச்சானில் காய்ந்து, நின்றபடியே மஞ்சள் சுவராகி இருந்தது. அதன்மேல் காட்டுக்கொடிகள் பாய் விரித்த மாதிரி ஏறியிருந்தன. குட்டியைத் தேடிப் புல்லை விலக்கியபோது, அடியில் வெளிச்சமில்லாத இடத்தில் தலைச்சுருளி கிடந்தது. வெளிறி, நூல் மாதிரி நீண்டு, இலையில்லாமல். அவள் ஒன்றொன்றாகப் பார்த்தாள். பழைய இடங்கள் அவளுக்கு மனப்பாடம். ஒன்றிலும் புழு இல்லை.

குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வேலிக்கு வெளியே, அவளுடைய ஆடுகள் தினமும் போய்வருகிற ஒற்றையடிப் பாதையோரம், வழியில் கண்டதையெல்லாம் அவை மொட்டையடித்திருந்த இடத்தில், ஒரேயொரு தலைச்சுருளி கரும்பச்சையாய் வெயில் குடித்துக்கொண்டு நின்றது. அதில் மூன்று புழுக்கள். கறுத்த உடம்பில் சிவப்பு முள்ளு முள்ளாக.

கமறியா அந்த இடத்திலேயே குந்திவிட்டாள்.

அவள் ஒருநாளும் புருஷனின் கடைப் பக்கம் போனதில்லை. அன்று பதினொரு ஆட்டோடும் போனாள். கடையில் மோதினாரும், சில்லு நிமிர்த்த வந்த ஒருவரும் இருந்தார்கள்.

"என்ன புள்ளே, ஆட்டுக்குக் காத்துப் போச்சா?" என்றான் ஜபார், மற்றவர்கள் முன்னால் ஒரு பகிடிக்காக.

அவள் முக்காட்டுத் தலைப்பை விரித்தாள். ஒரு இலையும் அதில் ஒரு புழுவும். ஜபார் கையிலிருந்த குறட்டைக் கீழே போட்டான்.

"எங்க எடுத்த?"

"வேலிக்கு வெளிய. உள்ளுக்கு ஒண்டுமில்ல. புல்லுக்குள்ள மூச்சு முட்டிக் கிடக்கிது ஒங்கட தலச்சுருளி. ஆடு அத ஒருநாளும் தின்னல்ல. அதச் சுத்தியிருக்கிறதத்தான் தின்னிச்சிது. ஆட்ட வெளிய விட்டீங்க, புல்ல உள்ளுக்கு விட்டீங்க."

"எழுதினது படிச்ச ஆக்கள், கமறியா."

"படிச்ச ஆக்கள் ஆடு மேயிறதப் பாத்தீக்கிறாங்களா?"

"மாடு மிதிச்சி நாசமாக்கின எடங்கள் ஈக்கிது. அதுக்காகத்தான்..."

"மாடு மிதிக்கும். ஒத்துக்கிறேன். இது மாடா?" அவள் திரும்பிப் பார்த்தாள். கறுப்பி அவனுடைய கடை நாட்காட்டியின் ஆவணி மாதத்தைத் தின்றுகொண்டிருந்தது. மோதினார் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜபாருக்கு முகம் கறுத்துவிட்டது. "போ வீட்டுக்கு. கடையில வெச்சிக் கதைக்கிற கதையா இது?"

"வீட்டில கதைக்கிறதுக்கு எனக்கு ஆரும் இல்ல. சனிக்கிழம முத்தலிபு லொறி கொண்டு வாறான். செல்லிட்டேன். செல்லல்ல எண்டு செல்லாதீங்க."

இலையைப் புழுவோடு கடை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு கடையில் நடந்ததை மோதினார் சொல்லித்தான் கமறியாவுக்குத் தெரியும். ஜபார் சில்லை எடுத்து நிமிர்த்த உட்கார்ந்தான். சில்லு இடப்பக்கம் கோணினால், புதிதாகத் தொழில் பழகுகிறவன் வலப்பக்கக் கம்பிகளை இறுக்குவான். இன்னும் கோணும், இன்னும் இறுக்குவான். கடைசியில் வளையமே வெடிக்கும். தெரிந்தவன் முதலில் கையால் சில்லைச் சுற்றிவிட்டு, எந்தக் கம்பி தேவைக்கு அதிகமாக இழுக்கிறது என்று பார்த்து அதைத் தளர்த்துவான். ஜபார் சில்லைச் சுற்றிவிட்டான். அது நின்றது. மறுபடியும் சுற்றிவிட்டான். பிறகு சில்லுக்காரரிடம், "நாளைக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு, புழு இருந்த இலையை எடுத்துக்கொண்டு காணிப் பக்கம் நடந்தான். அந்தப் பாதையோரக் கொடியிலேயே அதைத் திரும்பவும் ஏற்றிவிட்டு, வேலிக்குள் புகுந்து, மாலை அஸர் பாங்கு கேட்கும்வரை புல்லுக்குள் குனிந்தபடி நின்றானாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஜபார் பள்ளிப் பெரியவர்களோடு எதையோ கதைத்துக்கொண்டு நின்றான் என்று அஸீஸா வந்து சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் சுபஹ் தொழுகைக்குப் போனவன் தேத்தண்ணீருக்கு வரவில்லை. கமறியா ஆடுகளை அவிழ்த்து, லொறிக்காக ரோட்டுப் பக்கம் ஓட்டினாள். கறுப்பி பழைய ஞாபகத்தில் பள்ளிக் காணிப் பக்கம் திரும்பியது. அடிக்கக் கை ஓங்கியவள் அப்படியே நின்றாள். நாலு பேர் வேலியில் நின்றார்கள். ஜபார் குறட்டால் ஆணிகளைப் பிடுங்க, மோதினார் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரும் கத்தியால் கினிப்புல்லைச் சரித்துக்கொண்டிருந்தார்கள். ஜபாருடைய இரண்டு கையிலும் முள் கீறி இரத்தம்.

"பாத்துக்கிட்டு நிக்காத," என்றான் அவன். "ஒசந்த புல்ல நாங்க வெட்டித் தாறோம். மத்தது ஒங்கட ஆக்கள்ட வேல."

லொறி வந்து ஹோன் அடித்தது. முத்தலிபு இறங்கி, "வார்த்த தந்தீங்களே ராத்தா," என்றான்.

"தந்தேன். மன்னிச்சிக்கங்க. இந்த எலும்ப வாங்கி நீங்க என்ன செய்யப் போறீங்க? கொழுத்த பொறகு வந்து கேளுங்க."

"அப்ப தருவீங்களா?"

"அப்பவும் இல்லண்டுதான் செல்லுவேன். ஆனா தேத்தண்ணி தருவேன்."

முத்தலிபு லொறிக்காரனைப் பார்த்துக் கையை விரித்துச் சிரித்தான்.

ஆடுகள் உள்ளே போயின. ஏழு மாதப் பசி. ஜபாருக்குப் பயம் விடவில்லை. மிஞ்சியிருந்த கொடிகளில் பெரியதைத் தேடிப்போய், அதன்மேல் இரண்டு கையையும் குடையாக விரித்துக்கொண்டு குந்தினான். கறுப்பி வந்தது. அவனுடைய விரலை மோந்தது. கொடியை மோந்தது. ஒரு தும்மல். முகத்தைத் திருப்பி, கொடியைச் சுற்றியிருந்த காட்டுக்கொடியை வேரோடு இழுத்தது. ஒரு கை அகலத்துக்கு வெயில் வந்து தலைச்சுருளியின் மேல் விழுந்தது.

"புள்ளே!" என்று சத்தம் போட்டான் ஜபார், ஏதோ அவன்தான் முதலில் கண்டவன் மாதிரி. "பாத்தியா! தொடல்ல!"

அவன் கமறியாவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கறுப்பி அவனுடைய சட்டைப் பையிலிருந்த கொப்பியை எட்டி இழுத்தது. பறிப்பதற்குள் கடைசி இரண்டு தாள்கள் போய்விட்டன. ஆனி, ஆடி மாதங்கள்.

ஐப்பசியில் வாடைக் காற்றோடு மழை வந்தது. வெயில் விழுந்த வேர்களெல்லாம் கொழுந்து விட்டன. கார்த்திகை இரண்டாம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பூச்சிகள். அந்த மாதக் கடைசியில் மிஸ் வருவதாக எழுதியிருந்தார். வரவில்லை. எங்கேயோ மறுபடியும் வெடித்து, ரோட்டை அடைத்துவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வருடாந்த அறிக்கைப் படிவம் தபாலில் வந்தது. ஜபார் அதைக் கதிரையில் இருந்து நிரப்ப, கமறியா பக்கத்தில் பாயில் இருந்து ஆட்டுப் பாலில் தேத்தண்ணீர் ஆற்றினாள்.

"ஆனி ஆடிக் கணக்குக் கேக்கிது," என்றான்.

"கறுப்பிதான் தின்னுட்டாளே. இல்லண்டு எழுதுங்க."

ஆனால் அவன் ஞாபகத்திலிருந்து எழுதினான், சொல்லிக்கொண்டே. "ஆனி, ஒன்பது. ஆடி, பூச்சியம். காரணம், நான் போட்ட வேலி."

கமறியா ஆற்றுவதை நிறுத்தினாள். "பிழைய மட்டும் எழுதி விட்டுடாதீங்க. அதக் கழட்டினதையும் எழுதுங்க."

எழுதினான். மாட்டுக்குச் சொன்னது ஆட்டுக்குப் பொருந்தாது என்று எழுதினான். ஆடு எதை முதலில் தின்னும், எதைக் கடைசியில் தின்னும் என்று அவளிடம் கேட்டுக் கேட்டு ஒரு முழுப் பக்கம் எழுதினான். கடைசியில் தொண்டர்களின் பெயர், செய்த பணி என்று ஒரு கட்டம். தன்னுடைய பெயருக்கு மேலே கமறியாவின் பெயரைப் போட்டான்.

"என்ன வேல எண்டு எழுதினீங்க?"

"மேய்ப்பு."

"ஆட்டையும் போடுங்க. நான் மட்டுமா மேஞ்சேன்?"

ஜபார் சிரித்தபடி பேனாவை மறுபடியும் திறந்தான். "எத்தின எண்டு போட? கந்தூரிக்கு ஒண்டு நாளைக்குப் பள்ளிக்குப் போகுது. பத்தா?"

வெளியே கந்தூரிக்குப் பிரித்துக் கட்டியிருந்த கிடாய் பலாக்குழை தின்றுகொண்டு நின்றது. கமறியா அதைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினொண்டு," என்றாள். "அதுவும் வேல செஞ்சதுதானே."